தொட்டில் காட்சி

அலமாரிக் கதவு தானாகத் திறந்தது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான்தான். பின்னாடி மடங்கி உக்காந்து இழுத்தேன். ரெண்டு காலும் மரத்துப் போச்சு."

அப்பா இளைஞராக இருந்தபோது வேலை பார்த்த பேய்வீட்டுப் படம் அது. பறக்கும் நாற்காலி, ஆடும் விளக்கு, படாரென்று சாத்திக்கொள்ளும் ஜன்னல், எல்லாவற்றுக்கும் மறைவில் நின்று நூல் இழுத்தவர் அவர்தான்.

படத்தை இப்போது புதுப்பிக்கிறார்கள். அந்தக் காலத்துத் திரையில் யார் கண்ணுக்கும் படாத நூல்களெல்லாம் இன்றைய துல்லியத்தில் தாம்புக்கயிறு மாதிரி தெரிகின்றன. ஃபிரேம் ஃபிரேமாக அவற்றைக் கணினியில் அழிப்பது என் வேலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

"நான் நூல் இழுத்து உன்னைப் படிக்க வெச்சேன். நீ அதையே அழிச்சுப் பொழைக்கிற" என்றார் அப்பா.

எது நூல், எது ஃபிலிமில் விழுந்த கீறல் என்று பல இடங்களில் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதனால்தான் அவரை ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்தேன். லேசில் வரவில்லை. வீட்டு டிவியில் இந்தப் படம் வந்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுகிற மனிதர். குட்டு வெளிப்பட்டுவிடுமே என்ற வெட்கமாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

வெட்கப்பட விஷயமும் இருக்கிறது. பேய் கையில் கடிகாரம் கட்டியிருக்கிறது. மின்னலுக்கு முன்பே இடி இடித்துவிடுகிறது. கதாநாயகி ஒரே நடைவழியில்தான் திரும்பத் திரும்ப ஓடுகிறாள்; ஒவ்வொரு தடவையும் அது வேறு மாடி என்று நாம் நம்பித் தொலைக்க வேண்டும்.

ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது. பேய் வரும்போது இல்லை. அது வருவதற்கு முன்னால் கேமரா ஆளில்லாத மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும். ஒன்றுமே நடக்காது. இத்தனை நாள் பார்த்துச் சலித்த பிறகும் அந்த இடம் வந்தால் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்கிறேன்.

கடைசிக்கென்று வைத்திருந்த தொட்டில் காட்சியை ஓட்டினேன்.

அப்பாவின் சிரிப்பு நின்றது.

தொட்டிலில் கிடப்பது நான். என்னைப் பெற்றதோடு அம்மா இறந்துபோனாள். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அப்பா படப்பிடிப்புக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். கைக்குழந்தை கிடைத்ததே என்று இயக்குநர் என்னைத் தொட்டிலில் போட்டுவிட்டார்.

அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வீட்டில் ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. கேட்டால் அப்பா பேச்சை மாற்றிவிடுவார். கேட்பதை விட்டேனே தவிர, ஏக்கம் என்னை விடவில்லை.

மங்கலான அறை. குழந்தை வீறிட்டு அழுகிறது. பக்கத்தில் யாரும் இல்லை. தொட்டில் மெல்ல ஆடத் தொடங்குகிறது. அழுகை நிற்கிறது. குழந்தை தலையைத் திருப்பி, ஒன்றுமில்லாத ஓரிடத்தை அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறது.

பயப்பட வேண்டிய இடத்தில் குழந்தை சிரித்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டது என்று அப்போதே கேலி செய்தார்களாம். இன்று மாலைக்குள் அந்தச் சிரிப்பை வெட்டிவிடச் சொல்லியிருந்தார் தயாரிப்பாளர். வெட்ட எனக்கு மனசில்லை. முதலில் நூலை அழிப்போம் என்று தள்ளிப்போட்டேன்.

தொட்டிலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பில் இல்லை. அடியில் இல்லை. சுவர்ப் பக்கமும் இல்லை. ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினேன். கீறல்கள்தான் இருந்தன.

"எங்கேருந்துப்பா இழுத்தீங்க? நூலே காணோமே."

திரும்பினேன்.

குழந்தை பார்த்துச் சிரித்த அந்தக் காலி இடத்தையே அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயம் துளியும் இல்லை. நான்தான் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டேன்.

"நான் நூல் கட்டுறதுக்குள்ள கேமராவை ஓட்டிட்டாங்கம்மா" என்றார். "நீ அழுத. உங்கம்மாவுக்குப் பொறுக்கல."