கண்ணாடியில் தெரிந்த வண்டி

"தம்பிதுரையண்ணனைக் கழட்டி உட்டுரலாம்னு இருக்கோமுங்க. நீங்க என்ன சொல்றீங்க பாய்?"

ரங்கராஜ் இப்படி நேராகக் கேட்டதும் ஆசிப் திடுக்கிட்டான். இப்போதுதான் அன்னூர் டீக்கடைக்கு வந்து ஹெல்மெட்டையே கழற்றியிருந்தான்.

வாசலில் ஐந்து பைக்குகள் நின்றன. ஆறாவது, தம்பிதுரையுடையது. எந்த ஞாயிற்றுக்கிழமை ரைடு என்றாலும் அதுதான் கடைசி. கடைசி வண்டி வந்து ஸ்டாண்டு போட்ட பிறகுதான் டீ சொல்ல வேண்டும் என்பது இவர்கள் வைத்துக்கொண்ட சட்டம்.

"ஐநூறு சிசி வண்டிங்க. அதைப் போயி மொபட் மாதிரி ஓட்டறாரு," என்றான் நிதீஷ். "வாரா வாரம் இருபது நிமிஷம் வெயிட்டிங்."

"அவருக்குத் துணையா பாயும் மெதுவா வர வேண்டியிருக்குது, பாவம்," என்றார் ரங்கராஜ்.

ஆசிப் மறுக்கவில்லை. யாராவது நல்ல பெயர் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

"நீங்க சொன்னா செரிதானுங்க பாய். நீங்கதானே அவரோட வர்றவரு," என்றார் ரங்கராஜ்.

ஆசிப்புக்கு இந்த ரைடை விட்டால் வேறு நாதியில்லை. மனைவி ரிஃபானா இறந்து இரண்டு வருஷம். மகளுக்கு பெங்களூரில் வேலை. வீட்டில் அவன் குரலை அவனே கேட்பது, கேஸ் சிலிண்டருக்குப் போன் செய்யும்போதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேர் 'வாங்க பாய்' என்று கூப்பிடுவதற்காகத்தான் அவன் வாரம் முழுக்கக் காத்திருந்தான். அந்த நாலு பேரின் முகம் சுளிக்கும்படி எதையும் சொல்ல அவனுக்குத் தைரியமில்லை.

"செரிங்க. ஒருத்தருக்காக அஞ்சு பேரு காத்துக் கெடக்க முடியுங்களா?" என்றான்.

சொல்லி வாய் மூடவில்லை, தம்பிதுரை வந்து சேர்ந்தார். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய்.

"நம்மளாலதானுங்க லேட்டு. காயைப் பாத்தேன், வாங்கிப்போட்டேன். கோவிச்சுக்காதீங்க." ஆசிப்பைப் பார்த்துச் சிரித்தார். "பாய், டீ சொல்லியாச்சுங்களா?"

ஆசிப் டீ மாஸ்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று மாலையே புது வாட்ஸ்அப் குரூப் தயாரானது. அதில் ஐந்து பேர்தான். அடுத்த சனிக்கிழமை பழைய குரூப்பில் தம்பிதுரை கேட்டார்: 'நாளைக்கு ரைடு இருக்குதுங்களா?' ஐந்து பேரும் பார்த்தார்கள். ஒருத்தரும் பதில் போடவில்லை.

மறுநாள் ரைடு கோபிசெட்டிபாளையத்துக்கு. கிளம்பும் இடத்தையும் மாற்றிவிட்டார்கள்.

அன்னூர் வரை ஆசிப் எப்படியோ ஒட்டிக்கொண்டு போனான். அதன் பிறகு முன்னால் போன நாலு வண்டிகளும் புள்ளியாகி, மறைந்தே போயின. வழக்கம்போலப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். தம்பிதுரையின் வண்டி தெரியும் இடத்தில் ரோடு மட்டும் தெரிந்தது.

புளியம்பட்டி தாண்டியதும் பின்னாலிருந்து லாரி ஹாரன்.

ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டான். மூன்று வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒரு லாரி பின்னால் வந்து தட்டி, தோள்பட்டை எலும்பு முறிந்தது. தம்பிதுரையிடம் மட்டும் அதைச் சொல்லியிருந்தான். இந்த ரைடுகளுக்கு வந்த ஆறு மாதத்தில் அந்தப் பயம் போய்விட்டது என்றே நினைத்திருந்தான். இன்றைக்கு எங்கிருந்து வந்தது? ஹாரன் கேட்டபோதெல்லாம் வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்தினான். ஒருமுறை மறுபடி கிளம்பவே ஐந்து நிமிடம் ஆனது. இரண்டு பக்கமும் வாழையும் தென்னையும் பச்சைப்பசேல் என்று இருந்தன. பார்க்கத் தோன்றவில்லை.

கோபி டீக்கடைக்கு வந்தபோது எல்லோரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மேஜையில் நாலு காலி டம்ளர்.

"என்னங்க பாய், இன்னைக்குத்தான் உங்களைப் புடிச்சு வெக்க ஆருமில்லையே?" என்றார் ரங்கராஜ்.

நிதீஷ் சிரித்தான்.

"நாங்க கொடிவேரி டேமுக்குப் போறோம். நீங்க டீயைக் குடிச்சுப்போட்டு மெதுவா வாங்க."

நாலு வண்டிகளும் கிளம்பிப் போய்விட்டன. சட்டம் ஒரே வாரத்தில் காலாவதி ஆகிவிட்டது. ஆசிப் தனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தான். வீட்டில் இருப்பதைப் போலவே இருந்தது.

போனை எடுத்தான். பழைய குரூப்பில் தம்பிதுரை போட்டிருந்தார்: 'வழக்கமா நிக்கற எடத்துல ஏழு மணி வரைக்கும் நின்னு பாத்தனுங்க. எல்லாரும் சொகந்தானுங்களே?'

அதற்கு மேல் தாங்கவில்லை. கூப்பிட்டான்.

"சொல்லுங்க பாய்! எங்கிருக்கறீங்க?"

"கோபியிலிங்கண்ணா."

"கோபியா? தனியாவா வந்தீங்க?"

"இல்லீங்கண்ணா. எல்லாரும் வந்தோமுங்க." காலி டம்ளர்களை ஒதுக்கித் தள்ளினான். "நீங்க மெதுவா வர்றீங்கன்னு உங்களை உட்டுப்போட்டு வந்துட்டோமுங்க. நானும்தான் செரின்னு சொன்னேன்."

திட்டட்டும் என்று ஆசிப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அது கெடக்குதுங்க பாய்," என்றார் தம்பிதுரை. குரலில் பதற்றம். "புளியம்பட்டி ரோட்டுல லாரி ஒண்ணு மாத்தி ஒண்ணு வருமே... உங்களுக்குப் பின்னால ஆருங்க வந்தாங்க?"