முதல் வாசகி

"கூட இருந்தே குழி பறிச்சிட்டா, மேடம்."

சுருட்டை உட்காரக்கூட இல்லை. கதவைத் தட்டினாள், உள்ளே வந்தாள், கொட்டிவிட்டாள்.

பேராசிரியை நிமிர்ந்து பார்த்தார். ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகளை மூன்றாம் வருஷம் முழுக்க வெளியே வேலைப் பயிற்சிக்கு அனுப்புகிற பொறுப்பு அவருடையது. இந்த வாரம் அந்த அறைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மூக்கைச் சிந்திக்கொண்டுதான் திரும்பிப் போனார்கள்.

"யாரு?"

"என் ரூம்மேட்தான், நெட்டை."

விஷயம் இதுதான். பதிப்பகத்தில் இருந்தது ஒரே ஓர் இடம். அதற்கு நேர்முகத்துக்குப் போனது இரண்டு பேர். இடம் நெட்டைக்குப் போயிற்று. சுருட்டைக்கு வந்தது லிஃப்ட் கம்பெனி. ஒரு வருஷம் உட்கார்ந்து 'கதவு மூடும்போது கையை நீட்டாதீர்கள்' என்று எழுத வேண்டும்.

அன்றிலிருந்து சுருட்டைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நெட்டை சிரித்தால் வயிறு எரிந்தது. சிரிக்காவிட்டால், 'ரொம்பத்தான் அடக்கம்' என்று இன்னும் எரிந்தது. நேற்று நெட்டை புதுச் செருப்பு வாங்கி வந்து, "வேலைக்குப் போட்டுட்டுப் போக நல்லாருக்காடி?" என்று காலை நீட்டினாள்.

"உன் காலுக்கு எதைப் போட்டாலும் படகு மாதிரிதான் இருக்கும்" என்றாள் சுருட்டை.

நெட்டை அதற்கும் சிரித்துவைத்தாள். வேலை கிடைத்தவளுக்கு என்ன, எதற்கு வேண்டுமானாலும் சிரிப்பாள்.

"அவளுக்கு இடம் கிடைச்சா அது குழி பறிக்கிறதா?" என்றார் பேராசிரியை.

"அங்க எப்படித் தேர்ந்தெடுத்தாங்க தெரியுமா, மேடம்? ஆளுக்கொரு கதை எழுதிட்டு வரச் சொன்னாங்க. அப்புறம் தனித்தனியா உள்ள கூப்பிட்டு, பேரில்லாத கதை ஒண்ணைக் கையில கொடுத்து, 'இதை அச்சுல போடலாமா'ன்னு கேட்டாங்க. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் சொல்றாங்க, என் கதையை அவகிட்டயும் அவ கதையை என்கிட்டயும் கொடுத்தாங்களாம்."

"பேர்தான் இல்லையே."

"பேர் எதுக்கு மேடம்? ரெண்டு வருஷமா ஒரே ரூம். நான் எதை எழுதினாலும் முதல்ல படிக்கிறது அவ. அவ எழுதினா முதல்ல படிக்கிறது நான். என் கதைன்னு முதல் வரியிலேயே தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சே மட்டம் தட்டியிருக்கா. இல்லேன்னா எனக்கு ஏன் கிடைக்காமப் போகுது?"

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"அங்க உன் கையில கொடுத்த அவளோட பஸ் டிரைவர் கதையையும் நீ முன்னாடியே படிச்சியா?"

"படிக்காம? எழுதி முடிச்ச அன்னைக்கே சமையல்கட்டுல நின்னபடி படிச்சேன்." கோபத்தில் வாய் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"உட்காரு."

சுருட்டை உட்கார்ந்தாள்.

"பதிப்பாசிரியர் என்கிட்ட பேசினாங்க. நெட்டை உன் கதையோட முதல் பக்கத்தைப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்துட்டாளாம். 'இது என் ரூம்மேட் எழுதினது. நான் தீர்ப்புச் சொன்னா நியாயமா இருக்காது. ஆனா போடாம மட்டும் விட்டுடாதீங்க'ன்னாளாம்."

சுருட்டை நாற்காலியை விட்டு எழப் பார்த்தாள்.

"நீ அவ கதையைப் பத்தி என்ன சொன்ன?"

பதிலுக்குக் காத்திராமல் பேராசிரியையே சொன்னார்.

"'உயிரே இல்லை, அச்சடிக்கிற காகிதத்துக்குக் கேடு'ன்னு சொல்லியிருக்க. ஆள் தெரிஞ்சே சொன்னியோன்னு அவங்களுக்குச் சந்தேகம். அப்படி இருந்தா லிஃப்ட் கம்பெனிக்கும் உன்னை நான் அனுப்ப முடியாதும்மா. அதனால திங்கட்கிழமை நெட்டையை இதே நாற்காலியில உட்கார வச்சு, நீ சொன்னதை அப்படியே சொல்லிக் கேட்டேன்."

அப்படியானால் செருப்பைக் காட்ட வந்தபோதே அவளுக்கு எல்லாம் தெரியும்.

"அவ என்ன சொன்னா, மேடம்?"

"'அந்தக் கதையை நான் அவகிட்ட காட்டவே இல்லை. யார் எழுதினதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்காது. மனசுல பட்டதைச் சொல்லியிருப்பா'ன்னு சொன்னா. நானும் நம்பி விட்டுட்டேன். இப்போ நீ வந்து, எழுதின அன்னைக்கே படிச்சேங்கிற." பேராசிரியை முன்னால் சாய்ந்தார். "உங்க ரெண்டு பேர்ல யார் சொல்றது பொய்?"

அந்தக் கதையில், ஓய்வு பெற்ற டிரைவர் மறுநாள் காலையில் தன் பஸ்ஸிலேயே டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறுகிற இடம். அதைப் படித்துவிட்டு அன்று சுருட்டை அழுதாள். நெட்டை பார்த்துவிடக் கூடாதே என்று அவசரமாக ஒரு வெங்காயத்தை எடுத்து நறுக்கத் தொடங்கினாள். இவ்வளவு நல்ல கதையை இவள் ஏன் எழுதினாள் என்று அப்போதே நெஞ்சு காந்தியது.

'கோபத்துல உளறிட்டேன் மேடம், நான் படிக்கலை' என்று சொன்னால் போதும். லிஃப்ட் கம்பெனி இடமாவது தப்பிக்கும். இந்த ஒரு வருஷம் வீணாகாது.

சுருட்டை வாயைத் திறந்தாள். இப்போதும் அவளுக்குப் பொறாமைதான் வந்தது. தன் கதையைக் குப்பையில் போட்டவளுக்காக அந்த நெட்டைச்சிக்கு எப்படி அவ்வளவு சுலபமாக ஒரு பொய் வந்தது? தனக்கு வந்திருக்குமா?

"பொய் சொன்னது அவதான், மேடம்" என்றாள். "எனக்காக."