நண்டுப் பரீட்சை

“இன்னைக்கும் அந்த நண்டுதானா?”

“நண்டுக்கு என்ன கேடு?”

“கேடு நண்டுக்கில்லங்க, நம்ம பொண்ணுக்கு. வர்றவன் போறவனுக்கெல்லாம் அதைக் காட்டணும்னு என்ன வேண்டுதலா? அப்புறம்…”

“காட்டத்தானே செஞ்சேன். நான் எப்ப யாரை வேண்டாம்னு…”

“நீங்க பேசாதீங்க. மூணு பேர் போயாச்சு. இவனும் போனா, இவ ஆயுசு முழுக்க நம்மளோடயே உக்காந்து நண்டு பாக்க வேண்டியதுதான்.”

அடுத்த அறையில் தலை வாரிக்கொண்டிருந்த மகளின் சீப்பு பாதி வழியில் நின்றது.

நண்டு என்றால் குழம்பில் கிடக்கிற நண்டல்ல. அப்பாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்து நண்டு. கடலுக்கடியில் எவனோ குண்டு வைத்துப் பார்க்க, சிவனே என்று கிடந்த நண்டு நாலு மாடி உயரத்துக்கு வளர்ந்து துறைமுகத்தில் ஏறிவிடும். கப்பலை வேர்க்கடலை மாதிரி உடைக்கும். வயிற்றுக்கடியில் சக்கரம் உருள்வது தெரியும், கொடுக்கைத் தூக்கும் கம்பியும் தெரியும்.

ஞாயிறு மதியமானால் அந்த வீட்டில் நண்டு ஓடும். இல்லாவிட்டால் அதன் பங்காளிகளான சிலந்தி, எறும்பு, பல்லி. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும் கண்டிப்பாக நண்டு.

முதலில் வந்த வங்கிக்காரர், “இது எந்தக் கம்ப்யூட்டர்ல பண்ணது?” என்று கேட்டார். பல் டாக்டர் பாதியிலேயே செல்போனை எடுத்துவிட்டார். மூன்றாமவர் நண்டு கரையேறுவதற்குள் குறட்டையே விட்டுவிட்டார்.

ஒவ்வொருவரும் போன பிறகு அப்பாவும் அம்மாவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வெளியே வந்து, “சரிப்படாதும்மா” என்று சொல்வது அம்மாதான். அப்பா நேரே செய்தித்தாளுக்குள் போய் முகத்தைப் புதைத்துக்கொள்வார். வேண்டாமென்பதைத் தன் வாயால் சொல்ல அவருக்கு மனசு வராது என்று மகள் நினைத்துக்கொள்வாள்.

அந்த மூன்று பேர் போனதில் அவளுக்கு நஷ்டமில்லை. ஆனால் இன்றைக்கு வருகிறவன் அவளே பார்த்து, அவளே பிடித்து வைத்திருக்கிறவன். அலுவலகத்தில் அவன் பாலத்துக்குக் கணக்குப் போட, அவள் வரைபடம் போடுகிறாள். இவனும் போய்விட்டால் அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

அதனால்தான் அவன் மாடிப்படி ஏறும்போதே மறித்துக்கொண்டாள்.

“சக்கரம் தெரியும். சிரிக்கக் கூடாது.”

“சரி.”

“கம்பி தெரியும். அப்பவும் சிரிக்கக் கூடாது.”

“சரி.”

“நண்டு ஏறினதும் பாலம் உடையும்.”

“என்ன மாதிரிப் பாலம்?”

“அட்டைப் பாலம். வாயைத் திறக்கக் கூடாது.”

“பாலத்தைப் பத்திக்கூடவா?” என்றான் அவன், பரிதாபமாக.

படம் ஓடியது. சக்கரம் உருண்டபோது அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். கம்பி பளபளத்தபோது விட்டத்தைப் பார்த்தான். பாலம் பாய் சுருட்டுவதுபோல் சுருண்டபோது அவன் கழுத்து நரம்பு புடைத்தது, ஆனாலும் தாக்குப்பிடித்துவிட்டான்.

அப்பா திரையைப் பார்க்கவேயில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர்த் தட்டோடு வந்த அம்மா கதவோரத்திலேயே நின்றுவிட்டாள். கோப்பைகளில் ஆடை படிந்தது, அவள் நகரவில்லை. பாவம், இவனை எண்ணி அம்மாவுக்குத்தான் எத்தனை கவலை என்று மகளுக்கு நெஞ்சு இளகியது.

கடைசிக் காட்சி வந்தது. குண்டடிபட்ட நண்டு கடலைப் பார்த்துத் திரும்பியது. தண்ணீருக்குள் இறங்குமுன் ஒரு கொடுக்கைத் தூக்கி ஊரை ஒரு முறை திரும்பிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து அதன் ஒரு கண் கழன்று சுருள்கம்பியில் தொங்கி ஆடியது. கரையில் கதாநாயகன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

குக்கர் ஆவி விடுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அவன்தான். இரண்டு கையாலும் வாயைப் பொத்திப் பார்த்தான், அடங்கவில்லை. நாற்காலி குலுங்கக் குலுங்கச் சிரித்தான்.

போச்சு என்று மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“மன்னிச்சிடுங்க சார். அந்தக் கண்ணு…”

“கண்ணை விடு. பாலத்தைப் பாத்தியா?” என்றது அப்பாவின் குரல்.

“அதை ஏன் கேக்கறீங்க சார். அப்பவே உயிர் போச்சு எனக்கு.”

மகள் கண்ணைத் திறந்தபோது அப்பாவின் தொந்தி ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டு, மூச்சுவிட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இதை வெச்சுக்கிட்டுச் சிரிக்க இத்தனை வருஷமா ஒரு துணை இல்லாமப் போச்சேடா” என்று அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மகளிடம், “எனக்குச் சம்மதம்மா. எனக்கு எப்பவுமே சம்மதம்தான்” என்றார்.

“எப்பவுமேன்னா?”

சிரிப்பு சட்டென்று இறங்கிய முகத்தோடு அப்பா கதவுப் பக்கம் பார்த்தார்.

அம்மா தட்டைத் தரையிலேயே வைத்துவிட்டு, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“அந்த நண்டு சாகறதைப் பாத்துச் சிரிக்கிறவனுக்கு என் பொண்ணைத் தர மாட்டேன்.”