ஏழின் காவல்

பகா எண்கள் குடியிருக்கும் தெருவுக்கு ஏழுதான் காவல். வேறு எவராலும் மீதியின்றி வகுபடாத எண்ணுக்கு மட்டுமே அங்கே வீடு.

ஒருநாள் 8,23,543 வந்து நின்றது. பார்த்ததுமே ஏழுக்குச் சந்தேகம்.

"இவ்வளவு பெரிய உடம்பு சும்மாவா வரும்? உள்ள எவனையோ ஒளிச்சு வச்சிருக்கே."

"யாரை வேணும்னாலும் விட்டுத் தேடுங்கண்ணே," என்றது அது.

இரண்டு, மூன்று, ஐந்து, பதினொன்று எல்லாம் வகுத்துப் பார்த்தன. ஒவ்வொன்றின் கையிலும் மீதி மிஞ்சியது.

"இவங்களையும் சரிக்கட்டிட்டியா?" என்று உறுமிய ஏழு, தானே வகுத்துக்கொண்டு உள்ளே இறங்கியது.

துளி மீதியில்லை. அறைக்கு அறை ஓர் ஏழு உட்கார்ந்திருந்தது. வேறு யாருமே இல்லை.

வெளியே ஓடிவந்து கத்தியது ஏழு: "பார்த்தீங்களா, என் வேஷத்தைப் போட்டுக்கிட்டு எவனோ உள்ள உக்காந்திருக்கான்!"