நாங்கள் யாரும் கையெழுத்துப் போடவில்லை

“வித்துட்டா! அந்தப் பொம்பளை நம்மளை வித்துட்டா!”

புவனாலி ரேடியோவை அணைத்த வேகத்தில், அது மாட்டியிருந்த ஆணியே கழன்று கையோடு வந்துவிட்டது.

காலையிலிருந்து ஏரிக்கரைச் சந்தை முழுவதும் அந்த ஒரே ரேடியோவைச் சுற்றித்தான் நின்றது. பரணில் காயப்போட்ட மீனைக் காக்கை தூக்கிப் போனதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. நாற்பத்தொரு ஓட்டில் தோற்ற தங்கள் வேட்பாளர் கலிண்டேவுக்கு மறுதேர்தல் நிச்சயம் என்று பெண்கள் அவர் முகம் அச்சடித்த துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். மேளம் தயாராக இருந்தது.

சோம்பா நகரத்து நீதிபதியம்மா நான்கு மணி நேரம் தீர்ப்பை வாசித்தார். கடைசியில் கலிண்டேவின் வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

“அவ தலையில இருக்கிறது அவ முடியே இல்லை. குதிரை வால்ல பண்ணின டோப்பா!” என்றார் மேளக்காரர்.

“அதான் குதிரை புத்தி.”

“குதிரையைத் திட்டாதே. அது புல்லுதான் தின்னும். இவ என்ன தின்னாளோ!”

சிரிப்பு எழுந்தது. ஆனால் நீடிக்கவில்லை. தீர்ப்பில் நீதிபதியம்மா வாசித்த ஒரு பகுதி எல்லோருக்கும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

“ஒரு வாக்குச்சாவடியில், ஓட்டு எண்ணுவதற்கு முன்பே, கலிண்டே கட்சியின் ஏஜெண்டே வெற்று எண்ணிக்கைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆகவே, தாளில் பிறகு எண்ணை மாற்றினார்கள் என்பதற்குச் சாட்சி இல்லை. அந்த ஏஜெண்டின் பெயர் இந்தத் தீர்ப்புக்குத் தேவையில்லை.”

“பேர் ஏன் தேவையில்லை? அப்படி ஒரு ஆளே கிடையாது. அதான்!” என்றான் புவனாலி. “பொய்க்கு ஏதுய்யா பேரு?”

“ஒருவேளை இருந்தா?” என்று கேட்டார் தச்சர் லாமெக்.

“இருந்தா அவன் வீட்டுக்கு இன்னைக்குக் கூரை இருக்காது. கூரையை நானே பிரிப்பேன்.”

“நானும் வரேன்” என்று பல குரல்கள் கேட்டன.

எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனெலெசி, வெந்த மீனையே மறுபடியும் திருப்பிப் போட்டாள்.

புவனாலி ஒரு பெட்டி மேல் ஏறி நின்றான்.

“நாளைக்குக் காலையில லாரி வருது. எல்லாரும் சோம்பாவுக்குப் போறோம். நம்ம ஏஜெண்ட் மொத்தம் பதினேழு பேர். பதினேழு பேரும் கோர்ட் வாசல்ல முன்னாடி நிக்கணும். அவ முகத்துக்கு நேரா பலகையைக் காட்டணும்!”

லாமெக் பலகையில் கரியால் எழுதி முடித்திருந்தார்: ‘நாங்கள் யாரும் கையெழுத்துப் போடவில்லை. நீதிபதி பொய் சொல்கிறார்.’

“எனெலெசி, நீயும் ஏஜெண்ட்தானே? வா, புடி. போட்டோ எடுத்து ரேடியோக்காரங்களுக்கு அனுப்பணும்.”

“மீன் கருகிடும் அண்ணே.”

“ஊரே கருகிக் கிடக்கு, உனக்கு மீனா? வா.”

எனெலெசி எழுந்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். பலகையை வாங்கினாள். லாமெக் போனை உயர்த்தினார்.

“நிமிர்ந்து பாரு தங்கச்சி. கொஞ்சம் கோபமா பாரு.”

அவள் பலகையில் எழுதியிருந்ததை ஒருமுறை படித்தாள். பிறகு அதைக் குப்புறத் தரையில் வைத்துவிட்டாள்.

“இதை என்னால புடிக்க முடியாது. அந்தக் கையெழுத்து என்னோடது.”

மேளக்காரரின் வாயிலிருந்த கரும்பு கீழே விழுந்தது.

“எவ்வளவு வாங்கின?” புவனாலியின் குரல் கீழே இறங்கியிருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

“ஒண்ணும் வாங்கலை அண்ணே. அன்னைக்குச் சாயங்காலம் ஓட்டுப் பெட்டியைத் திறக்கப் போற நேரத்துல உங்கம்மா போயிட்டாங்கன்னு சேதி வந்துச்சு. சாவு வீட்டுக்குப் போகாம இருக்க முடியுமா? எண்ணி முடிக்க ராத்திரி ஆகும்னாங்க. கையெழுத்தைப் போட்டுட்டு, குடத்தைத் தூக்கிட்டு உங்க வீட்டுக்கு ஓடியாந்தேன்.”

புவனாலி பெட்டியிலிருந்து இறங்கினான். அன்று அவன் வீட்டு வாசலில் முதல் குடம் தண்ணீரை இறக்கி வைத்தது யார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இறந்தவளைக் குளிப்பாட்டியது அந்தத் தண்ணீரில்தான்.



லாமெக்தான் மெல்லக் கேட்டார். “அப்போ, போன மாசம் தங்கச்சி வீட்டுக்குன்னு நீ சோம்பா போனது...”

“கோர்ட்டுக்கு. எதிர்க்கட்சி வக்கீல் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தாரு.”

“நீ பேரைச் சொல்லலையா?”

“சொன்னேன். சத்தியம் வாங்கிட்டு, பேரு, ஊரு, தொழில் எல்லாம் கேட்டு எழுதினாங்க.”

“பின்னே அந்தம்மா ஏன் அதை வாசிக்கலை? வாசிச்சிருந்தா இன்னைக்கு அவளை ஒருத்தரும் திட்டியிருக்க மாட்டாங்களே!”

எனெலெசி தரையைப் பார்த்தாள்.

“‘அந்தச் சந்தையிலதான் நாளைக்கும் கடை போடணுமா?’ன்னு நீதிபதியம்மா கேட்டாங்க. ‘ஆமாம்மா, வேற இடம் இல்லை’ன்னேன். எழுதிக்கிட்டிருந்தவரை நிறுத்தச் சொன்னாங்க. ரெண்டு பக்கத்து வக்கீலையும் எழுந்து நிக்க வச்சு, ‘இவங்க பேர் இந்த ரூமைத் தாண்டக் கூடாது. திட்டணும்னா ஜனங்க என்னைத் திட்டிக்கட்டும்’னாங்க.”