சிந்தாமணிக்கு உடம்பு சரியில்லை

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் முக்காடு போட்டு, முனகிக்கொண்டே மருமகள் சௌந்தர்யாவின் தோளில் சாய்ந்து நின்றாள் சிந்தாமணி. முகம் வெளுத்துக் கிடந்தது.

"என்னாக்கா, இந்த வாரமும் புதுச்சேரி ஆஸ்பத்திரியா?"

பானுமதி வந்துவிட்டாள். ஒரே தெரு, இருவரும் வேலை பார்க்கும் செராமிக் யூனிட்டிலும் பக்கத்து இடம். குரல் மணிமுத்தாற்றுக்கு அக்கரையிலும் கேட்கும்.

"ஆமா பானு, ஒரே தள்ளாமை."

"கல்லு மாதிரி இருந்துக்கிட்டு! ஒன்னைச் சுமந்தே அந்தப் பொண்ணு ஈர்க்குச்சியா போயிட்டுது. இந்தா, பேஷண்டுக்குக் கஞ்சி. காரமே போடல."

தூக்குவாளியை நீட்டினாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சௌந்தர்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

நோய் அவளுக்குத்தான். வயிற்றில் பிள்ளைக்குப் பதில் முத்து முத்தாகக் கட்டி. முத்துப்பிள்ளை என்பார்கள். கருப்பையைச் சுத்தம் செய்த பிறகும் அது விடாமல் வளர்ந்ததால் கீமோ ஊசி.

"முழுசா குணமாயிடும். ரத்தத்துல கர்ப்ப ஹார்மோன் அடங்கணும். அப்புறமும் ஒரு வருஷம் கர்ப்பம் கூடாது" என்றிருந்தார் டாக்டர்.

தெருவுக்குத் தெரிந்தால்? 'கேன்சராமே, இனி புள்ள தங்காதாமே' என்பார்கள். 'ஒம் மவன் ராஜாவுக்கு வேற பொண்ணு பாரு' என்று எவளாவது ஆரம்பிப்பாள். ஊசியைவிட அதற்குத்தான் சௌந்தர்யா பயந்தாள்.

"நீ கம்முனு இரு. நோவு எனக்குன்னு சொல்லிக்கிறேன்" என்று களத்தில் இறங்கினாள் சிந்தாமணி.

நடிப்பில் ஓட்டை இல்லாமல் இல்லை. திரும்பி வரும்போது பஸ் நிற்கும் இடமெல்லாம் நோயாளி போண்டா தின்பாள். துணைக்குப் போனவள் வாந்தி எடுப்பாள்.

பானுமதிக்கோ யூனிட்டிலும் ரேஷன் கடையிலும் ஒரே பாட்டு. "மருமவளைப் படுத்தி எடுக்கிறா அந்த நடிப்புக்காரி!" தெருவே சேர்ந்து திட்டியது. சிந்தாமணிக்கு வயிறு எரிந்தது.

அன்றைக்கு டாக்டர் சிரித்தார். "ஹார்மோன் நார்மலுக்கு வந்துடுச்சும்மா. இப்படியே நின்னா, இன்னும் கொஞ்சம் ஊசியோட முடிச்சுக்கலாம்."

சாயங்காலம் தூக்குவாளியோடு பானுமதி வீட்டுக்குப் போனாள் சிந்தாமணி. சண்டை போடத்தான்.

"நான் ஒனக்கு என்னாடி கெடுதல் பண்ணேன்? ஊரு பூரா என் பேரை நாறடிச்சிட்டியே!"

பானுமதி கதவைச் சாத்தினாள். அவள் குரல் இவ்வளவு இறங்கி சிந்தாமணி கேட்டதே இல்லை.

"கஞ்சியை யாரு குடிச்சாக்கா?"

சிந்தாமணி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "சௌந்தர்யா..."

"அவளுக்குத்தான் குடுத்தேன். அவளைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அந்த ஊசி போட்டா வாயெல்லாம் புண்ணாயிடும், காரம் ஆகாது. கருவேப்பிலங்குறிச்சியில இருந்தப்ப எனக்கும் முத்துப்பிள்ளைதான்க்கா. இனி புள்ள தங்குமான்னு கேட்டுக் கேட்டே என்னைக் கொன்னாளுங்க. அப்புறந்தான் எம் மவ காவியா பொறந்தா."

சிந்தாமணிக்கு அழுகை வந்துவிட்டது. "தெரிஞ்சுக்கிட்டே ஏண்டி என்னைத் திட்டுன?"

பானுமதி முந்தானையால் அவள் காதோரத்தைத் துடைத்தாள். வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"நம்ம யூனிட்டு வெள்ளை மண்ணைப் பூசிக்கிட்டு வந்தா, நோவுன்னு எவக்கா நம்புவா? நான் திட்டப்போய்தான் எல்லாரும் ஒன் மூஞ்சியைப் பார்த்தாளுங்க. இல்லேன்னா அந்தப் பொண்ணு வயித்தைத்தானே பார்த்திருப்பாளுங்க?"