ஒன்பதாவது படி

ரத்த வங்கியின் சர்வர் காலை பதினொன்றரைக்கு நின்றுபோனது. அறுவை அரங்கிலிருந்து ஓ நெகட்டிவ் கேட்டு போன் வந்தபடியே இருந்தது. மாற்று சர்வரை எழுப்பும் கையேட்டைத் திறந்தேன். அதை எழுதிய பிரிசில்லா மேடம் வேலையை விட்டு மூன்று வருடமாகிறது. போன மாதம் கோப்புகளை ஒழுங்குபடுத்தியபோது, "இதெல்லாமா கையேட்டுல எழுதுவாங்க?" என்று மேலாளர் ஒன்பதாவது படியை நீக்கச் சொன்னார். தலையாட்டிவிட்டு, ஏனோ நீக்காமல் விட்டிருந்தேன்.

எட்டுப் படிகள் முடிந்ததும் திரை அப்படியே உறைந்தது. ரீஸ்டார்ட் பொத்தானை நோக்கி மேலாளரின் விரல் போனது. ஒன்பதாவது படியை நான் உரக்கப் படித்தேன்: "இனி நான்கு நிமிடம் திரையில் எதுவும் அசையாது. விடுபட்ட பதிவுகள் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். தொட்டால் எல்லாம் போச்சு. எழுந்து போய் ஜன்னல் வழியே வாதாமரத்தைப் பாருங்கள். எனக்கும் கை நடுங்கியது."

மேலாளர் கையை எடுத்துக்கொண்டார். அறையிலிருந்த ஆறு பேரும் ஜன்னலோரம் வரிசையாக நின்றோம். மரத்தில் ஒரே ஓர் இலை சிவந்திருந்தது. மனதுக்குள் பிரிசில்லா மேடத்தைக் கும்பிட்டேன்.

பின்னால் சர்வரிலிருந்து ஏதோ சத்தம் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றரை நிமிடம்.

"யாரும் திரும்பாதீங்க," என்றார் மேலாளர். "அந்தம்மா நாலுன்னு எழுதியிருக்காங்க."